உப்புத் தண்ணீர் வீட்டில் டிஷ்வாஷர்: வெள்ளைத் திட்டு இல்லாமல் பாத்திரம் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுக்கு டிஷ்வாஷர் வந்த பத்தாம் நாள், கண்ணாடி டம்ளர்கள் எல்லாம் மோரில் முக்கி எடுத்த மாதிரி வெளுத்துப் போயின. எவர்சில்வர் தட்டுகளில் வட்ட வட்டமாக வெள்ளைத் திட்டு. "இதுக்கா இவ்வளவு காசு?" என்று அம்மா ஒரு தட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்துக் காட்டினார். மெஷின் கோளாறு என்று நினைத்து நானும் சர்வீஸுக்கு ஃபோன் போட்டேன். வந்தவர் ஒரு பட்டனை நாலு தடவை அழுத்தினார், கீழே இருந்த டப்பாவில் ஒரு கிலோ உப்பைக் கொட்டினார், கிளம்பிவிட்டார். முதலில் மெஷினைப் பொருத்த வந்த ஆள் தண்ணீரின் கடினத்தன்மையை அமைக்கவே இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

அம்மாவுக்கு அதுவும் விசித்திரமாக இருந்தது. "வர்றதே உப்புத் தண்ணி. அதுல இன்னும் உப்பா?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் டிஷ்வாஷரில் பாதி வேலை முடிந்த மாதிரி. அங்கேயே தொடங்குவோம்.

முதல் வேலை: தண்ணீரைத் தெரிந்துகொள்வது

போர் தண்ணீரை நாம் உப்புத் தண்ணீர் என்கிறோம். ஆனால் பாத்திரத்தில் திட்டுப் போடுவது சாப்பாட்டு உப்பு அல்ல, கால்சியமும் மக்னீசியமும். இவை எவ்வளவு கரைந்திருக்கின்றன என்பதுதான் தண்ணீரின் கடினத்தன்மை. தண்ணீர் ஆவியானதும் இவை சுண்ணாம்புப் படிவமாகத் தங்கிவிடும். குளியலறைக் குழாயிலும் கீசருக்குள்ளும் படிவதும் இதுதான்.

இதைத் தடுக்க, இறக்குமதியாகும் ஐரோப்பிய மாடல்களிலும் நம் ஊருக்கென விற்கும் பெரும்பாலான மாடல்களிலும் உள்ளேயே ஒரு சாஃப்ட்னர் இருக்கும். அதற்குள் ரெசின் எனப்படும் சின்னச் சின்ன மணிகள். தண்ணீர் அவற்றினூடே போகும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் மணிகள் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடும். கொஞ்ச நாளில் மணிகள் நிறைந்துபோய், மேற்கொண்டு பிடிக்க இடம் இருக்காது. அப்போது மெஷின் தானாகவே உப்புக் கரைசலை அந்த மணிகள் மேல் ஓட்டும். பிடித்து வைத்திருந்த கால்சியம் கழன்று சாக்கடைக்குப் போகும், மணிகள் மறுபடி வேலைக்குத் தயாராகும். நாம் போடும் உப்பு பாத்திரத்துக்கு அல்ல, மணிகளைக் கழுவ. இதைச் சொன்ன பிறகுதான் அம்மா உப்பு போட அனுமதித்தார்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை மணிகளைக் கழுவ வேண்டும் என்பது உங்கள் தண்ணீரைப் பொறுத்தது. அதைத்தான் நீங்கள் மெஷினுக்குச் சொல்ல வேண்டும். அளப்பதற்குக் கடினத்தன்மை சோதிக்கும் காகிதப் பட்டைகளோ, சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சின்ன கிட்டோ வாங்கிக்கொள்ளுங்கள். வாட்டர் பியூரிஃபையர்காரர் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரை இதற்கு நம்ப வேண்டாம். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். அதில் கடினத்தன்மை எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. மெஷின் கையேடுகளில் ஜெர்மன் டிகிரியில் எழுதியிருப்பார்கள். ஒரு டிகிரி என்றால் லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம். உங்கள் தண்ணீர் 400 காட்டினால், 18 ஆல் வகுத்து 22 டிகிரி என்று வைத்துக்கொண்டு, கையேட்டில் அதற்கு நேரே இருக்கும் அளவை அமைத்துவிடுங்கள்.

கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு என்றால் நிலைமையே தலைகீழ். அது மிக மென்மையான தண்ணீர். சாஃப்ட்னரை மிகக் குறைந்த அளவில் வைத்தால் போதும், உப்புச் செலவும் கிட்டத்தட்ட இல்லை. சென்னையில் ஒரே அடுக்ககத்திலேயே ஒரு வாரம் மெட்ரோ தண்ணீர், மறு வாரம் போர், கோடையில் லாரித் தண்ணீர் என்று மாறும். இப்படிப்பட்டவர்கள் மூன்றில் மோசமானதற்கு ஏற்ப அமைத்துவிடுங்கள். உப்பு கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், பரவாயில்லை.

உப்பு போடுவது எப்படி

கீழ் அடுக்கை வெளியே எடுத்தால் மெஷினின் தரையில் ஒரு திருகு மூடி தெரியும். முதல் தடவை மட்டும் அதற்குள் நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பிறகு கூடவே தந்திருக்கும் புனலை வைத்து உப்பைப் போட வேண்டும். ஒரு கிலோவோ கொஞ்சம் கூடவோ பிடிக்கும். போடப் போட உள்ளிருக்கும் தண்ணீர் வழியும், பயப்பட வேண்டாம். அடுத்த தடவைகளில் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை.

முக்கியமானது: சிந்திய உப்பைத் துடைத்துவிட்டு உடனே ஒரு கழுவல் ஓட்டிவிடுங்கள். உப்புத் தண்ணீர் ஸ்டீல் தரையில் ராத்திரி முழுவதும் நின்றால் அரித்துவிடும். நான் எப்போதும் பாத்திரங்களை எல்லாம் அடுக்கித் தயாராக வைத்துவிட்டு, கடைசியாக உப்பைப் போட்டு, கையோடு பட்டனை அழுத்திவிடுவேன்.

கல் உப்பு போடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேண்டாம். அதில் மண்ணும், நாம் எதை ஒழிக்கப் பார்க்கிறோமோ அந்த மக்னீசியமும் கால்சியமும் கலந்திருக்கும். தூள் உப்பும் வேண்டாம். அயோடினும் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் அதில் உண்டு, நைசாக இருப்பதால் இறுகி அடைத்தும் கொள்ளும். டிஷ்வாஷர் உப்பு என்றே விற்பதை வாங்குங்கள். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு பாக்கெட்டில் மிச்சம் பிடித்து, சாஃப்ட்னரைக் கெடுத்துக்கொள்வது கட்டுபடியாகாத கணக்கு.

ரின்ஸ் எய்டும் சோப்பும்

ரின்ஸ் எய்ட் என்பது கடைசி அலசலில் மெஷினே கொஞ்சமாக விடும் திரவம். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல், மெல்லிய படலமாக வழிந்து ஓட வைப்பதுதான் அதன் வேலை. முத்தாக நிற்கும் ஒவ்வொரு துளியும் காய்ந்ததும் ஒரு புள்ளி. எனவே புள்ளி விழாத பாத்திரம் வேண்டுமென்றால் இதை விட்டுவிட முடியாது. அளவு கூட்டிக் குறைக்கலாம். புள்ளி தெரிந்தால் ஒரு படி கூட்டுங்கள். கண்ணாடியில் நீலமாக எண்ணெய்ப் படலம் மாதிரி மினுங்கினால் ஒரு படி குறையுங்கள்.

சோப்பில் பவுடரா, மாத்திரையா? கடினத் தண்ணீர் வீட்டுக்குப் பவுடர், உப்பு, ரின்ஸ் எய்ட் மூன்றையும் தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கட்சி. எல்லாம் சேர்ந்த மாத்திரையில் உப்பு இருக்கிறதே என்று சொல்வார்கள். அது சாஃப்ட்னர் மணிகளைத் தொடவே தொடாது, கழுவும் தண்ணீரில்தான் வேலை செய்யும். சுமார் 21 ஜெர்மன் டிகிரிக்கு மேல் போனால் அது சமாளிக்காது. பவுடரில் இன்னொரு வசதி: காபி டம்ளர்கள் மட்டும் என்றால் குறைத்தும், வாணலி இருந்தால் கூட்டியும் போடலாம். சோப்புப் பெட்டியின் உள்ளேயே அளவுக்கோடு இருக்கும்.

இந்தச் சோப்பில் புரதத்தையும் மாவுச்சத்தையும் உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. ஈரம் பட்டால் வீரியம் போய்விடும். பாக்கெட்டைச் சிங்குக்குக் கீழே திறந்து வைக்காமல், மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள்.

கையால் தேய்க்கும் சோப்புத் திரவம் ஒரு சொட்டுகூடக் கூடாது. ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா எங்களுக்கு உதவி செய்வதாக நினைத்து அதை ஊற்றிவிட்டார். அரை மணியில் கதவு இடுக்கு வழியாக நுரை பொங்கி வந்து சமையலறைத் தரையில் பரவியது. அப்படி ஆகிவிட்டால் மெஷினை நிறுத்தி, நுரையை வழித்தெடுத்து, சோப்பில்லாமல் இரண்டு மூன்று முறை வெறும் அலசல் ஓட்ட வேண்டும்.

எது உள்ளே போகக் கூடாது

எவர்சில்வர், பீங்கான், சாதாரணக் கண்ணாடி: தாராளமாக.

அலுமினியம் வேண்டவே வேண்டாம். டிஷ்வாஷர் சோப்பு காரத்தன்மை உள்ளது, அது அலுமினியத்தின் மேற்பரப்பை அரித்துக் கருக்க வைத்துவிடும். பழைய இட்லிப் பானையும், பல வீடுகளில் இருக்கும் குக்கரும் அலுமினியம்தான். ஸ்டீல் குக்கர் என்றால் போடலாம், ஆனால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிக் கையால் கழுவுங்கள்.

இரும்புத் தோசைக்கல்லும் பணியாரக் கல்லும் பழகி ஏறிய எண்ணெய்ப் பதத்தை ஒரே கழுவலில் இழந்து துருப்பிடித்துவிடும். ஆறு மாதம் பழக்கிய கல் போனால் வீட்டில் நல்ல பெயர் கிடைக்காது. பித்தளை, செம்பு, வெள்ளி, ஈயச் சொம்பு, மாக்கல் சட்டி, மண்சட்டி, மத்து, மரக் கரண்டி இவையும் வெளியேதான். நான்ஸ்டிக்கில் "போடலாம்" என்று அச்சிட்டிருந்தாலும் பூச்சின் ஆயுள் குறையும். மிக்ஸி ஜாரையும் நான் வைப்பதில்லை, பிளேடுக்கு அடியிலுள்ள புஷ்ஷுக்குள் தண்ணீர் இறங்கினால் சீக்கிரம் சத்தம் போடத் தொடங்கும்.

பிளாஸ்டிக் டப்பாக்கள் மேல் அடுக்கில் மட்டும். சாம்பார் பட்ட பாத்திரங்களோடு சேர்த்துப் போட்டால் மஞ்சள் ஏறிவிடும். ஒரு பகல் நல்ல வெயிலில் காயவைத்தால் அந்தக் கறை வெளுத்துப் போகும். மஞ்சளின் நிறம் வெயில் தாங்காது.

அடுக்குவது

வெள்ளைத் திட்டுக்குத் தண்ணீர் காரணம். அழுக்கு அப்படியே இருப்பதற்குப் பெரும்பாலும் நாம் அடுக்குவதுதான் காரணம்.

மெஷினில் தேய்ப்பவர் யாரும் இல்லை. அடியிலும் நடுவிலும் சுற்றும் கைகளிலிருந்து தண்ணீர் மேல்நோக்கிப் பீச்சும். அந்தத் தண்ணீர் நேராகப் படாத இடம் சுத்தமாகாது. எனவே ஒவ்வொரு பாத்திரத்தை வைக்கும்போதும் ஒரே கேள்வி: கீழேயிருந்து வரும் தண்ணீர் இதன் உட்புறத்தைப் பார்க்கிறதா?

அடுக்குவதற்கு முன் மிச்சம் மீதியை வழித்துக் குப்பையில் போடுங்கள். கறிவேப்பிலை, மிளகாய், முருங்கைக்காய்ச் சக்கை, எலும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாக அலம்பி, பளபளவென்று ஆக்கி உள்ளே வைப்பது எங்கள் வீட்டிலும் ரொம்ப நாள் நடந்தது. அதற்கு மெஷின் எதற்கு? தவிர, தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்த்து நேரத்தைத் தீர்மானிக்கும் ஆட்டோ மாடல்கள், முதல் தண்ணீர் தெளிவாக இருந்தால் "அழுக்கே இல்லை" என்று நினைத்துச் சீக்கிரம் முடித்துவிடும். விதிவிலக்கு மூன்று: காய்ந்துபோன இட்லி மாவு, அடிப்பிடித்த பால், கருகிய வாணலி. இவற்றைக் கொஞ்ச நேரம் ஊறவைத்துச் சுரண்டிவிட வேண்டும்.

கீழ் அடுக்கில் தட்டுகள், வாணலி, குக்கர், பெரிய பாத்திரங்கள். தட்டுகள் நடுவைப் பார்த்து நிற்கட்டும், ஒன்றோடொன்று ஒட்டாமல். ஐரோப்பியத் தட்டுக்காகச் செய்த கம்பிகளில் நம் விளிம்பு உயர்ந்த சாப்பாட்டுத் தட்டு சரியாக நிற்காது. ஒரு கம்பி விட்டு ஒரு கம்பி வையுங்கள். கம்பிகளை மடக்க முடிந்தால் ஒரு பாதியை மடக்கிவிட்டு அங்கே பாத்திரங்களைக் கவிழ்க்கலாம். வாணலியும் குழம்புச் சட்டியும் முழுதாகக் கவிழ்ந்தோ, சாய்ந்தோ இருக்க வேண்டும். மல்லாந்து கிடந்தால் முடிவில் ஒரு கிண்ணம் அழுக்குத் தண்ணீர்தான் கிடைக்கும்.

மேல் அடுக்கில் டம்ளர், டவரா, கிண்ணம், காபி ஃபில்டர். ஃபில்டரில் இருக்கும் டிகாக்ஷன் சக்கையை முதலில் தட்டிவிடுங்கள். டம்ளரைக் கவிழ்த்தால் அதன் அடிப்பக்கக் குழியில் தண்ணீர் தேங்கும், அது காய்ந்து வளையமாகத் திட்டுப் போடும். கொஞ்சம் சாய்த்து வைத்தால் வடிந்துவிடும். கிண்ணத்துக்குள் கிண்ணம் வைக்காதீர்கள். ஸ்டீல் இட்லித் தட்டுகளைத் தண்டிலிருந்து பிரித்து, தட்டுகளைப் போலவே நிறுத்தி வையுங்கள்.

கரண்டி, ஸ்பூன்களை ஒரே பக்கமாக அடைத்தால் ஒன்றின் குழிக்குள் மற்றொன்று ஒட்டிக்கொள்ளும். தலைகீழும் நேருமாகக் கலந்து போடுங்கள். கத்தியின் முனை மட்டும் எப்போதும் கீழ்நோக்கி. நீளமான குழம்புக் கரண்டி, ஜல்லிக் கரண்டியைக் கூடையில் நிறுத்தாமல் மேல் அடுக்கில் படுக்க வையுங்கள்.

கதவை மூடும் முன் இரண்டு சோதனை. ஒன்று, சுற்றும் கைகள் இரண்டையும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஒரு கரண்டிக் காம்பு தட்டினாலும் கை நின்றுவிடும், அன்றைக்கு மேல் அடுக்கு முழுவதும் கழுவாமலே வரும். இரண்டு, கதவிலுள்ள சோப்புப் பெட்டிக்கு எதிரே பெரிய தட்டோ மூடியோ நிற்கக் கூடாது. நின்றால் பெட்டி திறக்காது, முடிவில் சோப்பு அப்படியே இருக்கும்.

எந்த புரோகிராம்?

ஈகோ என்றால் சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூட்டில், மூன்று மணி நேரம் வரை ஓடும். இவ்வளவு நேரமா என்று முதலில் எரிச்சல் வரும். சூட்டைக் குறைத்து, ஊறும் நேரத்தைக் கூட்டித்தான் அது மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது. டிஷ்வாஷரில் மின்சாரம் பெரும்பாலும் தண்ணீரைச் சுடவைக்கத்தான் போகிறது, மோட்டாருக்கு அல்ல. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் போட்டுவிட்டுப் படுத்தால் மூன்று மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை.

எண்ணெய்ச் சட்டியும் கறிக்குழம்புப் பாத்திரமும் உள்ள நாளில் 65 முதல் 70 டிகிரி வரும் இன்டென்சிவ். மெல்லிய கண்ணாடிக்கு 40 டிகிரி. அரை மணி நேர விரைவுக் கழுவல் விருந்தாளிகளின் காபி டம்ளருக்குச் சரி, சாம்பார்ச் சட்டிக்கு ஆகாது.

ஒரு முழுக் கழுவலுக்குப் புதிய மெஷின்கள் 10 லிட்டர் அளவில்தான் தண்ணீர் எடுக்கின்றன. குளிக்கிற வாளி ஒன்றுகூட இல்லை. 2019 கோடையில் சென்னையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். மின்சாரம் ஈகோவில் ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டால், தினம் ஒரு முறை ஓட்டினால் இரண்டு மாத பில்லில் சுமார் 60 யூனிட் ஏறும். அரைகுறையாக ஓட்டினால் கணக்கு இரட்டிப்பாகும், எனவே மெஷின் நிறையட்டும். அதுவரை உள்ளே இருக்கும் பாத்திரம் நாறும் போலிருந்தால் சோப்பில்லாத முன் அலசல் ஒன்று ஓட்டலாம், சில நிமிடம்தான்.

தண்ணீர் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல மாடல்கள் குறைந்தது 0.3 பார் கேட்கும். அதாவது குழாய்க்கு மேலே மூன்று மீட்டர் உயரத்தில் தொட்டித் தண்ணீர் இருக்க வேண்டும். கடைசி மாடியில், தலைக்கு மேலேயே தொட்டி இருக்கும் வீடுகளில்தான் இந்தப் பிரச்சினை.

காய்வது

நிறைய மெஷின்கள் தனியாகச் சூடு காட்டிப் பாத்திரத்தைக் காயவைப்பதில்லை. கடைசி அலசலில் சூடேறிய பாத்திரத்திலிருந்து ஈரம் ஆவியாகி, குளிர்ந்த ஸ்டீல் சுவரில் படிந்து வடியும். எவர்சில்வரும் பீங்கானும் சூட்டைப் பிடித்து வைக்கும், நன்றாகக் காயும். பிளாஸ்டிக் சட்டென்று ஆறிவிடுவதால் ஈரமாகவே வரும், அது கோளாறு அல்ல. முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டு அரை மணி நேரம் விட்டால் மிச்ச ஈரமும் போய்விடும். எடுக்கும்போது முதலில் கீழ் அடுக்கு. மேல் அடுக்கை முதலில் இழுத்தால் டம்ளர் அடியில் நின்ற தண்ணீர் காய்ந்த தட்டுகள் மேல் கொட்டும்.

மெஷினையும் கழுவ வேண்டும்

தரையில் உப்பு மூடிக்குப் பக்கத்தில் உருளை வடிகட்டி இருக்கும். திருகித் தூக்கினால் வந்துவிடும். நம் சமையலுக்கு வாரம் ஒரு முறை கட்டாயம், கடுகு நிறையத் தாளிக்கும் வீட்டில் இரண்டு முறை. குழாயடியில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, திரும்ப இறுக்கமாகத் திருகுங்கள். சரியாக உட்காராவிட்டால் சக்கை உள்ளே போய்ச் சுற்றும் கைகளின் துளைகளை அடைக்கும். மாதம் ஒரு முறை அந்தக் கைகளையும் கழற்றிப் பார்த்து, துளையில் கடுகு மாட்டியிருந்தால் பல்குச்சியால் எடுத்துவிடுங்கள். கதவின் ரப்பர் ஓரத்தில் சேரும் பிசுக்கை ஈரத்துணியால் துடைத்தால் வாடை வராது.

ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை காலி மெஷினில், சிட்ரிக் ஆசிட் தூளோ டிஷ்வாஷர் கிளீனரோ போட்டு அதிகச் சூட்டில் ஓட்டினால் உள்ளே படிந்த சுண்ணாம்பும் எண்ணெயும் கரையும். வினிகரை அடிக்கடி ஊற்ற வேண்டாம், ரப்பர் பாகங்களுக்கு ஆகாது.

இவ்வளவு செய்தும் கண்ணாடி மங்கினால்

ஒரு துணியில் வினிகர் தொட்டு டம்ளரைத் துடைத்துப் பாருங்கள். வெண்மை போய்விட்டால் அது சுண்ணாம்பு. உப்பு தீர்ந்திருக்கிறதா, கடினத்தன்மை அளவு சரியா, ரின்ஸ் எய்ட் இருக்கிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள். லாரித் தண்ணீர் மாறியிருந்தாலும் இப்படி ஆகும்.

துடைத்தும் போகவில்லை என்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. இது கடினத் தண்ணீரால் வருவதல்ல, அதற்கு நேர்மாறு. தண்ணீர் மிக மென்மையாக இருந்து, சோப்பும் சூடும் அதிகமானால் வருவது. சிறுவாணி வீடுகளில் சாஃப்ட்னர் அளவை ஏற்றி வைத்தவர்களுக்கும், மாத்திரையை முழுதாகப் போடுபவர்களுக்கும் நேரும். அந்த டம்ளரைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. மிச்சமிருப்பவற்றுக்காகச் சாஃப்ட்னர் அளவை இறக்கி, சோப்பைக் குறைத்து, 40 டிகிரியில் ஓட்டுங்கள்.